‘நாம்’ என்னும் சொல்லும் இரண்டு நாடுகளும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டத்திற்குப் பத்தாண்டு என்பது சிறிய வயதன்று. சிங்கப்பூர் தன் பொன்விழாவைக் கொண்டாடிய 2015ஆம் ஆண்டில் ஒரு நூலக அறையில், கடன் வாங்கிய நாற்காலிகளில், பதினான்கு பேருடன் தொடங்கியது நம் வட்டம். நாடு அறுபதை எட்டிய 2025இல் அது பத்தை நிறைவு செய்திருக்கிறது. தொற்றுக் காலத்தில்கூடக் கணினித் திரையில் கூடிக் கவிதை படித்தோம்; பாதிக் கவிதை காதில் விழும், பாதி விழாது, எனினும் கைதட்டினோம். இந்தத் தொடர்ச்சிக்கு உழைத்தவர்களுக்கு முதற்கண் என் பாராட்டு உரியது.

விழாக்குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு ‘இரு தாயகங்களுக்கிடையே’ என்பதாகும். இத்தகைய தலைப்புக் கிடைத்ததும் நம் பேச்சாளர்கள் செய்யும் முதல் வேலை, எல்லா ஊரும் நம் ஊரே என்னும் பொருளுடைய அந்தப் புறநானூற்றுப் பாட்டை எடுத்து மேடையில் வைப்பதுதான். அதை நான் இன்று செய்யப்போவதில்லை. குடிநுழைவு அதிகாரியின் முன் கடவுச்சீட்டை நீட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு, எல்லா ஊரும் எல்லா நேரத்திலும் நம் ஊராக இருப்பதில்லை என்பது தெரியும். அந்தப் பெரிய பாட்டுக்குப் பதிலாக ஒரு சிறிய சொல்லை எடுத்துக்கொள்கிறேன். அச்சொல் ‘நாம்’.

தமிழில் தன்மைப் பன்மை இருவகை. கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொள்வது நாம். கேட்பவரை வெளியே நிறுத்திப் பேசுவது நாங்கள். பண்டு வினைமுற்றிலும் இவ்வேறுபாடு இருந்தது. அம், ஆம் என்னும் ஈறுகள் முன்னிலையாரை உளப்படுத்தும் என்றும், எம், ஏம் என்பன படர்க்கையாரை உளப்படுத்தும் என்றும் சேனாவரையர் பிரித்துக் காட்டுவார். இன்றோ நாம் வந்தோம், நாங்கள் வந்தோம் என இரண்டுக்கும் ஓர் ஈறே. வினை மறந்துவிட்ட வேறுபாட்டைப் பெயர்தான் காத்து நிற்கிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் பெயரும் அதைக் காக்கவில்லை. அங்கே ‘நாம்’ மேடையிலும் ஏட்டிலும் வரும் சொல். வீட்டு முற்றத்தில் ‘நாங்கள்’ என்பதே இரண்டு பொருளுக்கும் நிற்கும். ‘எங்கடை’ என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் அதற்குள் இருக்கிறாரா இல்லையா என்பதைச் சொல்பவரின் முகத்தைப் பார்த்தே அறிய வேண்டும்.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். சிங்களத்திலும் ‘அபி’ என்னும் ஒரு சொல்லே. மலாய் மொழியோ தமிழைப் போலவே பிரிக்கும்: கேட்பவரைச் சேர்த்தால் கீத்தா, விலக்கினால் காமி. (கித்தா என்று எழுதினால் இங்குள்ள மூத்தவர்களுக்கு ரப்பர் மரம் நினைவுக்கு வந்துவிடும், ஆகவே கீத்தா என்றே அச்சிடும்படி பதிப்பாசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.)

விழா நாளில் இலக்கணப் பாடமா என்று நினைப்பீர்கள். தொழிற்பழக்கம், பொறுத்தருளுங்கள். தேசியக் கொண்டாட்டமும் அரசியற் கிளர்ச்சியும் படையணி, பதாகை, வாணவேடிக்கை, கண்ணீர்ப்புகை ஆகியவற்றுக்கு முன்னரே இந்தச் சொல்லின் மீதுதான் நடக்கத் தொடங்குகின்றன. மேடையில் நிற்பவர் ‘நாம்’ என்கிறார். ‘அதில் நாங்கள் எங்கே?’ என்று தெருவில் நிற்பவர் கேட்கிறார். 2022ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் என் இரண்டு நாடுகளுக்கும் இடையே பயணம் செய்தபோது நான் கண்டதும் கேட்டதும் பெரும்பாலும் இதுவே.

அந்த ஆண்டு விடுமுறையில் சங்கானையில் இருக்கும் என் பெரியம்மாவைப் பார்ப்பதற்காக ஜூலை 10 அன்று கொழும்பில் இறங்கினேன். அதற்கு முதல் நாள்தான் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்திருந்தனர். பெற்றோல் இல்லை, விமான நிலையத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வர வாகனக்காரர் கேட்ட தொகையைச் சொன்னால், இங்கே பலர் அதில் ஒரு கவிதைத் தொகுப்பே போட்டுவிடுவீர்கள். வழியெங்கும் எரிபொருளுக்காக வரிசையில் நிறுத்தப்பட்ட வண்டிகள். சிலவற்றுள் ஓட்டுநர்கள் உறங்கினர். சிலவற்றைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தனர்.

ஜூலை 12 அன்று என் சித்தப்பா மகனுடன் வெள்ளவத்தையிலிருந்து காலி முகத்திடலுக்கு நடந்தே சென்றேன். ஏப்ரல் 9 முதல் அங்கே எழுந்திருந்த கூடார ஊருக்குக் ‘கோட்டா கோ கம’ என்று பெயரிட்டிருந்தார்கள். ‘கம’ என்றால் ஊர். மும்மொழிப் பலகைகள் இருந்தன. எழுத்துப்பிழை இல்லாத தமிழ்ப் பலகை ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இலங்கைத் தமிழர்கள் அறிவார்கள். நூலகக் கூடாரம் ஒன்றும் இருந்தது. தமிழ் நூல்கள் ஒன்றரை அடித் தட்டில் அடங்கியிருந்தன.

அங்கிருந்து மாளிகையைப் பார்க்கும் வரிசையில் சேர்ந்தோம். கோயிற் திருவிழாவில் நிற்பதைப் போலக் குடும்பம் குடும்பமாக மக்கள் நின்றனர். எங்களுக்கு முன்னே இரண்டு பிள்ளைகளுடன் ஒரு சிங்களப் பெண். தென்பகுதிக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். உள்ளே கூரையிலிருந்து தொங்கிய சரவிளக்கைப் பிள்ளைகளுக்குக் காட்டி, “அபே சல்லி” என்றார். நம் பணம், அல்லது எங்கள் பணம். எந்தத் தமிழில் இதை மொழிபெயர்ப்பது என்று மொழி ஆசிரியையின் மூளை உடனே கணக்குப் போடத் தொடங்கியது. அவர் என்னை எந்த ஊர் என்று கேட்டார். சிங்கப்பூர் என்று சொல்வதற்கு வாயெடுத்தவள், ஏனோ “யாப்பனய” என்றேன். யாழ்ப்பாணம். சிறிது நேரம் பேசாமல் என்னைப் பார்த்தார். பிறகு தன்னையும் பிள்ளைகளையும் என்னையும் என் தம்பியையும் சுற்றிக் கையால் ஒரு வட்டம் வரைந்து, மீண்டும் “அபே” என்றார். அவருடைய மொழியில் இல்லாத வேறுபாட்டை அவருடைய கை சொல்லிவிட்டது. அன்று அது உளப்பாட்டுத் தன்மைப் பன்மை.

அந்தக் கையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதே காலி முகத்திடலில் அதே ஆண்டு மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காகக் கஞ்சி பகிரப்பட்டது. சிங்கள இளைஞர்களும் மதகுருமாரும் அந்தக் கஞ்சியைக் குடித்தனர். முன்னர் நினைத்துப் பார்க்க முடியாத செயல் அது. ஆயினும் வரலாற்று நினைவுள்ளவர்களுக்கு அந்தப் புல்வெளியில் இன்னொரு நாளும் தெரியும். 1956 ஜூன் 5. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் மசோதாவை எதிர்த்துச் செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் அந்தத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்தனர். கும்பல்கள் அவர்களைத் தாக்கின. காவல்துறை பார்த்துக்கொண்டிருந்தது. அன்று எதிரே நாடாளுமன்றமாக இருந்த கட்டடம் பிற்காலத்தில் ஜனாதிபதி செயலகமானது. 2022இல் இளைஞர்கள் மறித்து நின்றது அந்தச் செயலகத்தின் வாயிலைத்தான். அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன் அந்த வாயிலின் எதிரே அமர்ந்தவர்களை ‘அபி’ என்னும் சொல் உள்ளே எடுத்திருந்தால், பின்னர் நடந்தவற்றுள் எத்தனை நடவாமல் போயிருக்கும் என்று கூடாரங்களுக்கிடையே நடந்தபோது எண்ணினேன். என் தம்பியிடம் கேட்டேன். அவனுக்கு அந்தத் தேதி தெரிந்திருக்கவில்லை. அந்தக் கூடாரங்களில் இருந்த பெரும்பாலோருக்கும் தெரிந்திருக்காது.

ஜூலை 13 விடியற்காலையில் கோட்டாபய ராஜபக்ச மாலைதீவுக்குப் பறந்தார். மறுநாள் அங்கிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்து, பதவி விலகற் கடிதத்தை மின்னஞ்சலில் சபாநாயகருக்கு அனுப்பினார். அவர் தனிப்பட்ட பயணமாக வந்திருக்கிறார், அடைக்கலம் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை என்று நம் வெளியுறவு அமைச்சு அறிவித்தது. அனுமதியற்ற கூட்டங்களில் கலந்துகொள்ள வேண்டாம் என்று காவல்துறை நினைவூட்டியது. நான் இலங்கைக்கு வந்திருக்க, இலங்கையின் தலைவர் என் நாட்டுக்குப் போயிருந்தார். ஒரு நாடகாசிரியர் இதை எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று நம் வட்டத்துத் திறனாய்வாளர்கள் தள்ளிவிடுவார்கள்.

ஊரடங்கு தளர்ந்த பின் யாழ்ப்பாணத்துக்கு இரவுப் பேருந்து கிடைத்தது. கிளிநொச்சியைக் கடக்கும்போது விடிந்துகொண்டிருந்தது. அவ்வூர்க் கந்தசுவாமி கோயிலின் முன்றலில்தான், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று தங்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். காலி முகத்திடல் போராட்டம் நூறு நாளை எட்டியது என்று அந்த வாரத்துச் செய்தித்தாள்கள் எழுதின. தாய்மார்களின் போராட்டத்திற்கு அப்போது ஐந்து ஆண்டும் ஐந்து மாதமும் ஆகியிருந்தன. அவற்றுள் எந்த நாளை உலகம் எண்ணியது? ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே ஏ-9 வீதியின் இரண்டு பக்கங்களில் நாள்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன என்பதை அந்தப் பேருந்தில் இருந்துகொண்டு உணர்ந்தேன்.

பெரியம்மாவுக்கு அப்போது எண்பத்தொரு வயது. அந்தக் கல்வீடு மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய அவருடைய மாமனாரின் பென்சனில் எழுந்தது. யாழ்ப்பாணத்தில் ‘மலாயன் பென்சனியர்’ என்றால் அது ஒரு சாதியைப் போன்றது. தனி நடை, தனிக் குடை. மின்வெட்டு நேரத்தில் அந்த வீட்டுத் திண்ணையில் இருந்தபோது, கொழும்பில் மக்கள் படும் துன்பத்தை நான் ஆர்வத்தோடு விவரித்தேன். பெரியம்மா கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்ந்தார். முடிவில் சொன்னார்:

“பிள்ளை, தொண்ணூறாம் ஆண்டு தொடக்கம் நாங்கள் கண்டது இது. இப்பதான் கொழும்புக்கு வந்திருக்கு.”

மறுப்பதற்கில்லை. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் நான் சிறுமியாக இருந்த காலத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தடை, மின்கலம் தடை, சவர்க்காரமும் கட்டுப்பாட்டில். ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கெரித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். நான் சுற்றுவேன், பெரியப்பா செய்தி கேட்பார். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். அந்த வானொலியில் நாட்டின் சுதந்திர தின அணிவகுப்பையும் கேட்டிருக்கிறோம். சுற்றியது நான், கொண்டாடியது வேறு யாரோ.

“அவங்கள் சண்டை பிடிக்கட்டும். நல்லது நடந்தால் எங்களுக்கும் கொஞ்சம் வரும்” என்றார் பெரியம்மா. இங்கே ‘எங்களுக்கு’ என்பதற்குள் நானும் இருந்தேன் என்றே நினைத்தேன். முகம் அப்படித்தான் இருந்தது. சிறிது நேரத்தில் கீரைத் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, ஒரு சிரிப்போடு கேட்டார்:

“அதுசரி பிள்ளை, எங்கடை சனாதிபதி இப்ப உங்கடை நாட்டிலை எல்லே இருக்கிறார்?”

அன்பர்களே, நான் எத்தனையோ கருத்தரங்குகளில் தன்மைப் பன்மை குறித்துக் கட்டுரை கேட்டிருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தைப் போல எதுவும் என்னைத் தாக்கவில்லை. போர் முடிந்த காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்த அந்த மனிதரை ‘எங்கடை’ என்று அந்த வீட்டில் எவரும் ஒருநாளும் சொன்னதில்லை. நாட்டைவிட்டு ஓடிய பின்புதான் அவர் ‘எங்கடை’ ஆனார். அதே வாக்கியத்தில், அந்தத் திண்ணையில் தவழ்ந்த நான் ‘உங்கடை’ ஆகிவிட்டேன். பெரியம்மா இதை நோகச் சொல்லவில்லை, பகடியாகச் சொன்னார். பகடியில்தான் மொழி தன் கணக்கைச் சரியாக எழுதுகிறது. என் கடவுச்சீட்டில் பிறந்த இடம் இலங்கை, குடியுரிமை சிங்கப்பூர். இரண்டையும் வைத்துக்கொள்ளச் சிங்கப்பூர்ச் சட்டம் இடந்தருவதில்லை. பெரியம்மாவின் இலக்கணமும் அவ்வாறே.

ஜூலை 22 விடியுமுன் படையினர் காலி முகத்திடற் கூடாரங்களைப் பிரித்தெறிந்த செய்தி வந்தது. ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாகப் பதவியேற்ற மறுநாள் அது. சங்கானைச் சந்தையடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “இப்ப அவைக்கும் விளங்கியிருக்கும்” என்றார். அச்சொல்லில் பழிதீர்த்த மகிழ்ச்சி இல்லை என்று சொல்ல மாட்டேன், இருந்தது. கூடவே ஒரு கவலையும் இருந்தது. அடி விழும் ஓசையை அறிந்தவரின் கவலை. இன்னும் சில நாளில் 1983 ஜூலையின் நினைவு வரும். அந்த மாதத்தில் யாழ்ப்பாணத்து வீடுகளில் யாரும் உரக்கப் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 6 அன்று சிங்கப்பூர் திரும்பினேன். எங்கள் அடுக்குமாடியின் நடைவழிச் சுவரெங்கும் சிவப்பும் வெள்ளையுமாகக் கொடிகள் தொங்கின. தொற்றுக் காலத்துக்குப் பின் முழு அளவில் நடந்த முதல் தேசிய தின அணிவகுப்பு அவ்வாண்டு மரினா பே மிதக்கும் மேடையில் நிகழ்ந்தது. ஆகஸ்ட் 9 மாலையில் கொடி தாங்கிய ஹெலிகாப்டர் எங்கள் வட்டாரத்தைக் கடந்தபோது, மேல்தளத்துச் சீன மூதாட்டியும் எதிர்வீட்டு மலாய்க் குழந்தைகளும் என் மகளும் ஒரே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கையசைத்தனர். நானும் கையசைத்தேன். மூன்று வாரம் இருளிலும் வரிசையிலும் நின்று வந்தவளுக்கு, மின்தூக்கி சொன்ன மாடியில் நிற்பதும் குழாயைத் திறந்தால் நீர் வருவதும் அன்று சிறிய செயல்களாகத் தெரியவில்லை. இந்த நாட்டுக்கு நான் நன்றியுடையவள் என்பதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அப்போதும் அந்த முன்னாள் ஜனாதிபதி இங்கேதான் இருந்தார். அவர் பாங்காக் புறப்பட்டது ஆகஸ்ட் 11 அன்று. அந்த ஹெலிகாப்டரின் ஓசை அவருக்கும் கேட்டிருக்கக்கூடும்.

பிறகு உறுதிமொழி. மகள் வலக்கையை மடித்து நெஞ்சில் வைத்துச் சொன்னாள். நம் உறுதிமொழியை 1966இல் ஆங்கிலத்தில் எழுதியவர் எஸ். ராஜரத்தினம். அவர் பிறந்தது 1915இல் வட்டுக்கோட்டையில். என் பெரியம்மா வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம். கைக்குழந்தையாக மலாயா வந்து சிரம்பானில் வளர்ந்தவர். இனம், மொழி, சமயம் எதுவாயினும் ஒரே மக்கள் என்று எழுதுவதற்கு அவருக்கு ஏடுகள் தேவைப்படவில்லை. 1964 ஜூலையில் இங்கே மூண்ட இனக்கலவரத்தில் 23 பேரும், செப்டம்பரில் மீண்டும் மூண்டபோது 13 பேரும் மாண்டனர். அதைக் கண்ட தலைமுறை எழுதிய உறுதிமொழி இது. ஜூலை 21ஐ இன நல்லிணக்க நாள் என்று பள்ளிகளில் கொண்டாடுகிறோம். பிள்ளைகள் ஒருவர் உடையை மற்றவர் உடுத்திப் படமெடுத்துக்கொள்கிறார்கள். அது கலவரம் தொடங்கிய தேதி என்பதை எத்தனை பிள்ளைகள் அறிவர்?

அந்த உறுதிமொழியின் தமிழ் வடிவம் ‘நாம்’ என்கிறது. மலாய் வடிவம் ‘காமி’ என்கிறது, அதாவது ‘நாங்கள்’. நாட்டுப்பண்ணிலோ மலாய்ச் சொல் ‘கீத்தா’. இது என்னை நெடுநாளாக உறுத்திய ஒன்று. மலாய்மொழித் துறையில் இருக்கும் தோழி ஒருவரிடம் கேட்டேன். “பாட்டு ஒருவரையொருவர் அழைப்பது, அதில் எல்லாரும் உண்டு. உறுதிமொழி எதிரே நிற்கும் ஒருவருக்குக் கொடுக்கும் வாக்கு. வாக்கைக் கேட்பவர் வாக்குக்குள் இருக்க முடியாதே?” என்றார். நல்ல விளக்கம். அப்படியானால் கேட்பவர் யார்? வருங்காலமா, உலகமா, 1964இல் இறந்தவர்களா? தமிழ் வடிவத்தில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. அன்பு மிகுதியால் நம் மொழிபெயர்ப்பு எல்லாரையும் உள்ளே இழுத்துக்கொண்டது. சாட்சியாக வெளியே நிற்க ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

வெளியே நின்றவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். அந்த அணிவகுப்பு நாள் பொது விடுமுறை. லிட்டில் இந்தியா உட்பட நான்கு இடங்களுக்கு ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் செல்ல விரும்பும் விடுதிவாழ் வெளிநாட்டு ஊழியர்கள் முன்கூட்டி அனுமதி பெற வேண்டும் என்பது அப்போதிருந்த விதி. அவர்களுள் பலர் நம் மொழி பேசுபவர்கள். நம் வட்டத்தில் கவிதை படித்தவர்களும் அவர்களில் உண்டு. இன்று முதல் வரிசையில் இருவர் இருக்கிறார்கள். குடிமக்களாகிய நாம் என்னும் தொடரைத் தமிழில் கேட்கும்போது அவர்களுக்குச் சொற்கள் எல்லாம் விளங்கும். மற்ற நாட்டு ஊழியர்களுக்கு இல்லாத ஒரு வருத்தம் இது.

இப்போது நம் கவிதைகளைப் பற்றிச் சிறிது கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. பத்தாண்டு பழகிய உரிமை.

2022 ஆகஸ்ட் மாதக் கவியரங்கத்தின் தலைப்பு ‘நம் நாடு’. பதினொருவர் கவிதை படித்தனர். அவற்றுள் ஏழு கவிதைகளில் இலங்கை வந்தது. ஏழிலும் அது எரிந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர் அதன் அருகே பூத்துக் குலுங்கியது. அயல்வீட்டு நெருப்பின் வெளிச்சத்தில் நம் வீட்டுக் கோலத்தை அழகு பார்க்கும் இந்த முறை நம்மிடையே வேரூன்றிவிட்டது. இலங்கையைப் போல் ஆகிவிடாதே என்று தலைவர்கள் எச்சரித்ததுண்டு. லீ குவான் இயூ தம் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். அரசியல் தலைவருக்கு அது தகும். கவிஞருக்கு ஏன் அது போதுமானதாக இருக்கிறது? அந்த ஏழு கவிதைகளில் ஒன்றிலேனும் ஒரு மனிதர் பெயரற்றாவது வரவில்லை. வரிசையில் நின்ற பெண் இல்லை, கூடாரத்து ஒன்றரை அடித் தமிழ்த்தட்டு இல்லை. நெருப்பு மட்டும் இருந்தது. இங்கு நடந்த 1964 ஒரு கவிதையிலும் இல்லை.

என்னைப் போல் அங்கிருந்து வந்தவர்களின் கவிதைகளிலும் ஒரு குறை கண்டேன். ஆணவம் வீழ்ந்தது, அறம் வென்றது என்று சிலப்பதிகாரத்தை முன்னிறுத்தி இரண்டு கவிதைகள் முழங்கின. கண்ணகியை அழைப்பது நமக்கு எளிது. ஆனால் பாண்டியன் தவறுணர்ந்து அரியணையிலேயே உயிர்விட்டவன். இங்கே மின்னஞ்சலில் பதவி விலகியவர், செப்டம்பர் 2 அன்று பாதுகாப்போடு கொழும்பு திரும்பினார். பழைய உவமை புதிய நிகழ்ச்சியின் மீது பொருந்தாமல் நிற்கும்போது, அந்தப் பொருந்தாமையே கவிதையாகியிருக்க வேண்டும். அதை மறைத்துத் தைத்தால் கைதட்டல் மிஞ்சும்.

அதன் பின் ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. 2024 செப்டம்பரில் இலங்கையில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். அதே நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி வென்றது. ‘அவங்கள் சண்டை பிடிக்கட்டும்’ என்ற ஊரில் இது நடந்தது. அந்தக் கையின் வட்டம் விரிந்துவிட்டது என்று மகிழ்வாரும் உளர், பழைய வலையே புதிய நிறத்தில் என்பாரும் உளர். அதே ஆண்டு மே மாதத்தில் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிய பெண்கள் கைது செய்யப்பட்டார்கள் என்பதையும் அருகே வைத்தே நான் படிக்கிறேன். இலங்கை நாட்டுப்பண்ணின் தமிழ் வடிவம் ‘நம்’ என்னும் சொல்லை ஆள்கிறது. 2016இல் அத்தமிழ் வடிவத்தைச் சுதந்திர தின மேடையில் பாடினார்கள், 2020இல் விட்டுவிட்டார்கள். ‘நம்’ என்ற சொல்லை ஓராண்டு பாடலாம், ஓராண்டு நிறுத்தலாம் என்றால் அது என்ன வகைப் பன்மை என்பதற்கு எந்த உரையாசிரியரும் விதி எழுதி வைக்கவில்லை.

இந்த மலருக்காக மீண்டும் ‘நம் நாடு’ என்னும் தலைப்பில் கவிதை கேட்டிருப்பதாக அறிந்தேன். தலைப்பை மாற்றும்படி பொறுப்பாளரிடம் முதலில் சொன்னேன். பின்னர் வேண்டாம் என்று நானே தடுத்தேன். தலைப்பு இருக்கட்டும். எழுதுகிறவர்கள், ‘நம்’ வரும் இடமெல்லாம் ஒருமுறை ‘எங்கள்’ என்று மாற்றி வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எந்த அடியில் நாக்கு இடறுகிறதோ அந்த அடியில் இன்னும் ஒரு நாள் உட்காருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் வரிசையில் இருக்கும் அந்த இரு நண்பர்களும் அதே தலைப்பில் எழுதப்போவதாகச் சொன்னார்கள். நான் ஆவலோடு காத்திருப்பது அந்தக் கவிதைகளுக்கே.

2025 ஆகஸ்ட் 9 இரவு, அணிவகுப்பின் வாணவேடிக்கையைக் கைப்பேசியில் பெரியம்மாவுக்குக் காட்டினேன். பார்வை மங்கிவிட்டது, ஒளி மட்டும் தெரிகிறதாம். “உங்கடை நாட்டுக்கு இப்ப எத்தினை வயசு?” என்று கேட்டார்.

“அறுபது, பெரியம்மா.”

“இஞ்சை?”

“இலங்கைக்கு எழுபத்தேழு.”

சிறிது நேரம் பேச்சில்லை. அங்கே விசிறி சுற்றும் ஓசை கேட்டது.

“அப்ப ரெண்டுக்கும் நான்தான் மூப்பு” என்றார்.